நள்ளிரவு வரை காத்திருந்தவர்கள்

(பங்கின் பொன்விழா ஆயத்த நாட்களில், முதியோர் தினத் திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாவை முன்னிட்டு இன்றைய தினத்தை முதியோருக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். "முதுமையின் மாண்பு" என்று தலைப்புக் கொடுத்துப் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நாம் ஒரு பந்தயத்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் குழுவில் ஒருவர், "சாமி, பாட்டிமார் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் பந்தயமா?" என்று சிரித்துவிட்டார். சிரிக்கட்டும். நாம் சொல்ல வந்ததும் ஒரு பாட்டியைப் பற்றித்தான். அந்தப் பாட்டி ஒரு கன்னியர் என்பது கூடுதல் செய்தி.

பசிபிக் மாக்கடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. அங்கே 1977-ஆம் ஆண்டு விளையாட்டு வீரர்கள் கூடியிருந்த இடத்தில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. நீந்துகிறவன் உடல்வலிமை மிக்கவனா, ஓடுகிறவனா, சைக்கிள் மிதிக்கிறவனா என்பதே கேள்வி. அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஜான் காலின்ஸ் என்பவரும் அவர் மனைவி ஜூடியும், மூன்றையும் ஒரே நாளில் செய்து பார்த்துவிடுவோம் என்று முடிவு கட்டினார்கள். 1978 பிப்ரவரியில் ஓவாகு தீவில் 15 பேர் கிளம்பினார்கள். 12 பேர் முடித்தார்கள். அதற்கு "அயர்ன்மேன்", அதாவது இரும்பு மனிதன் என்று பெயர் வைத்தார்கள். 1981-இல் அந்தப் பந்தயம் பெரிய தீவிலுள்ள கைலுவா-கோனா என்ற ஊருக்கு மாற்றப்பட்டது.

பந்தயம் என்னவென்று கேளுங்கள். முதலில் கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல். கரையேறி உடை மாற்றிக்கொண்டு 180 கிலோமீட்டர் சைக்கிள். சைக்கிளை வைத்துவிட்டு 42 கிலோமீட்டர் ஓட்டம். இடையே உறக்கம் கிடையாது, ஓய்வு நாள் கிடையாது. காலை ஏழு மணிக்குக் கடலில் இறங்கினால் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குள், அதாவது 17 மணி நேரத்துக்குள், எல்லைக் கோட்டைத் தாண்டவேண்டும். ஒரு விநாடி பிந்தினாலும் முடித்தவர் பட்டியலில் பெயர் வராது.

தூரத்தைவிடக் கொடியது அந்த வழி. எரிமலைக் குழம்பு வழிந்து இறுகிப்போன கரும்பாறை வெளியின் நடுவே நெடுஞ்சாலை போகிறது. நிழல் இல்லை. மேலே வெயில், கீழே கருங்கல்லின் அனல். ஹாவி என்ற சிற்றூர் வரை போய்த் திரும்பவேண்டும். அந்தப் பக்கம் வீசும் குறுக்குக் காற்று சைக்கிளோடு ஆளையும் சாய்த்துவிடும். உடலின் உள்ளே நடப்பது இன்னொரு போராட்டம். தசையிலும் ஈரலிலும் சேமிப்பாய் இருக்கிற சர்க்கரைச் சத்து, கடுமையாய் உழைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் கரைந்துபோகும். ஆகவே போகிற போக்கில் தின்றுகொண்டும் குடித்துக்கொண்டும் போகவேண்டும். வயிறோ ஏற்க மறுக்கும். வியர்வையில் உப்பு போய்விடும். தாகம் என்று வெறும் தண்ணீரையே குடித்தால் இரத்தத்தில் இருக்கிற கொஞ்ச உப்பும் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்து. எண்ணெய் தீர்ந்த விளக்கைத் திரியை மட்டும் தூண்டித் தூண்டி எரியவைக்கிற வேலை இது.

1982 பிப்ரவரியில் ஜூலி மாஸ் என்ற 23 வயதுக் கல்லூரி மாணவி, தம் படிப்புக்கான ஆய்வுக்கென்று இந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டார். எவரும் எதிர்பாராத விதமாகப் பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் கால்கள் மடங்கின. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி என்ற இன்னொரு பெண் அவரைக் கடந்து போய் வெற்றி பெற்றார். ஜூலி மாஸ் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து வந்து கோட்டைத் தொட்டார். இருவருக்கும் இடையே 29 விநாடிதான். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த இலட்சக்கணக்கான மக்கள், வென்றவரை மறந்துவிட்டுத் தவழ்ந்தவரை நினைவில் வைத்துக்கொண்டார்கள். வென்றவருக்கு இது நியாயமா என்று நமக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. இருந்தாலும் மனித மனம் அப்படித்தான் இருக்கிறது.

இனி நம் கன்னியருக்கு வருவோம்.

அவர் பெயர் மடோனா பூடர். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் 1930 ஜூலையில் பிறந்தவர். 23-ஆம் வயதில் நல்லாயன் சபையில் சேர்ந்தார். 1970-இல் அச்சபையிலிருந்து வெளியேறி, வெவ்வேறு சபைகளிலிருந்து வந்த சகோதரிகள் கூடி அமைத்த புதிய குழுமம் ஒன்றில் இணைந்தார். வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் நகரில் வாழ்ந்தார். 48 வயது வரை அவர் ஓடியதில்லை. ஒரு குருவானவர், ஓடினால் உடலுக்கும் மனதுக்கும் ஆன்மாவுக்கும் நல்லது என்று சொன்ன ஒரு சொல்லே தொடக்கம். குருக்கள் சொல்லுகிற எல்லாவற்றையும் இவ்வளவு சிரத்தையாய் எடுத்துக்கொள்ளுகிறவர்கள் நம் பங்கில் எத்தனை பேர் என்று நாம் கேட்கப்போவதில்லை!

52 வயதில் முதல் டிரையத்லான். மூன்றும் சேர்ந்த பந்தயத்துக்கு அதுதான் பெயர். 55 வயதில் முதல் அயர்ன்மேன். நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை அந்த முழுத் தூரத்தை முடித்திருக்கிறார். நடுவில் சைக்கிளிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தது ஒரு தடவை இரு தடவை அன்று. இவர் வயதுப் பெண்களுக்கு என்று ஒரு பிரிவே இல்லாதிருந்ததால், இவர் வயது ஏற ஏறப் புதுப் பிரிவு திறக்கவேண்டியதாயிற்று. ஓடும்போது செபித்துக்கொண்டே ஓடுவாராம்.

முதன்முதல் இதைப் படித்தபோது நாம் அவ்வளவாக மெச்சவில்லை என்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். கன்னியருக்கு இது எதற்கு என்றுதான் தோன்றிற்று. உடலை வருத்துவதே புண்ணியம் என்பது திருச்சபையின் போதனை அன்று. நோயாளியைக் கவனிக்கலாம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம். கரும்பாறையில் சைக்கிள் மிதிப்பதால் யாருக்கு என்ன இலாபம்? அந்தக் கேள்வி முற்றிலும் தவறு என்று இப்போதும் சொல்லமாட்டோம். ஆனால் அவருடைய பந்தயக் கணக்குகளைப் பார்த்தபோது நம் வாய் அடைத்துப்போயிற்று.

2005-ஆம் ஆண்டு ஹவாய்ப் பந்தயத்தை 75 வயதில் முடித்தார். கெடுவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் மீதி இருந்தது. அடுத்த ஆண்டு, 76 வயதில், மீண்டும் இறங்கினார். இம்முறை அவர் கோட்டைத் தாண்டியபோது ஆகியிருந்த நேரம் 16 மணி 59 நிமிடம் 3 விநாடி. மீதி 57 விநாடி! ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் நிதானமாய்ச் சொல்லி முடிக்கிற நேரம். சூரியன் விழுந்து ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. பின்தங்கியவர்கள் இருட்டில் ஒளிக்குச்சியை மாட்டிக்கொண்டு ஓடுகிற சாலை அது. அந்தச் சாலையில் 76 வயதுக் கால்கள் கடைசி மைலைக் கடந்ததை எண்ணிப் பாருங்கள். வழியில் செருப்பு வாரை இழுத்துக் கட்ட ஒரு நிமிடம் நின்றிருந்தால் போயிற்று.

2008-இல் போயேவிட்டது. அவ்வாண்டு எதிர்க்காற்றும் குறுக்குக் காற்றும் பலமாயிருந்தன. சைக்கிள் பகுதியை மாலை ஐந்தரை மணிக்குள் முடிக்கவேண்டும் என்பது விதி. அவரால் முடியவில்லை. நிறுத்திவிட்டார்கள். 78 வயதில் ஒருவர் தோற்றுப்போனால் வீட்டுக்குப் போய் உட்காருவதுதான் உலக வழக்கம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவர் அப்படி உட்காரவில்லை. பிறகு 2012 ஆகஸ்டில் கனடா நாட்டுப் பந்தயத்தை 82 வயதில் 16 மணி 32 நிமிடத்தில் முடித்தார். அன்றுவரை அந்த வயதில் எந்தப் பெண்ணும் அதை முடித்ததில்லை.

பெரியோர்களே, புனித சின்னப்பர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதியபோது ஓட்டப் பந்தயத்தை உவமையாக எடுத்தது உங்களுக்குத் தெரியும். அவர் அந்நகரில் ஒன்றரை ஆண்டு கூடாரம் செய்து பிழைத்தவர். ஊருக்குப் பக்கத்திலேயே இரண்டாண்டுக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடக்கும். வென்றவன் தலையில் பைன் மரக் கிளையையோ காய்ந்த கீரைத் தழையையோ முடியாகச் சூட்டுவார்கள். இரண்டாவதாக வந்தவனுக்கு ஒன்றும் கிடையாது. வாடிப்போகிற முடி, ஒரே ஒருவனுக்கு முடி. இந்த இரண்டையும் கண்ணால் கண்ட ஊராருக்கு எழுதியதால்தான் அந்த உவமை அவர்களுக்குச் சுருக்கென்று உறைத்திருக்கும்.

கோனாவில் நடப்பது வேறு. வெற்றி பெறுகிற வீரர் பிற்பகலிலேயே வந்துவிடுகிறார். பத்திரிகைக்காரர் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் இரவு பத்து, பதினொன்று ஆக ஆக அந்தக் கோட்டருகே கூட்டம் சேருகிறது. ஊர் மக்கள் வருகிறார்கள், முடித்துவிட்டுக் குளித்துச் சாப்பிட்டவர்கள் வருகிறார்கள், அன்று வெற்றி பெற்றவரே நொண்டிக்கொண்டு திரும்பி வருகிற வழக்கம் உண்டு. யாரைப் பார்க்க? கடைசியாய் வருகிறவரைப் பார்க்க. பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தூரத்தில் ஓர் ஆள் தள்ளாடி வருவது தெரிந்தால், முதல் வீரருக்குக் கிடைக்காத ஆரவாரம் எழுகிறதாம். திராட்சைத் தோட்டத்தில் பதினோராம் மணிக்கு வந்த வேலையாளை எண்ணிக்கொண்டோம். முதலில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள் என்பது நற்செய்தி. இங்கே முதலில் வந்தவர்கள் கைதட்டுகிறார்கள்.

இதை நாம் சொல்வதற்கு வேறொரு காரணம் உண்டு. நம் மனதை உறுத்திக்கொண்டிருக்கிற காரணம்.

இந்தப் பங்குக்கு வருமுன் நாம் பணியாற்றிய ஓர் ஊரில், ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போவார்கள். ஒரு வருடம் எழுபது தாண்டிய ஒரு தாயார் பெயர் கொடுக்க வந்தார்கள். "அம்மா, உங்களுக்கு எதற்கு இந்தக் கஷ்டம்? மாதா உங்களை பஸ்ஸில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுவாள்" என்று இனிக்க இனிக்கப் பேசி அனுப்பிவிட்டோம். அன்பினால் சொன்னதாகத்தான் அன்று நினைத்தோம். உண்மை யாதெனில், அவர்கள் பின்தங்கினால் எல்லோரும் நிற்கவேண்டி வருமே, வழியில் ஏதாவது ஆகிவிட்டால் நம் தலையில் விழுமே என்ற பயம். அந்தத் தாயார் "சாமி சொன்னால் சரி" என்று ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

எங்கள் கூட்டம் வேளாங்கண்ணியை அடைந்தபோது சாயங்காலம். நாம் கோயிலில் முழந்தாளிட்டுச் செபித்துவிட்டு, அலுப்பு மிகுதியால் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டோம். கூட்டத்தில் ஒரு பையனுக்குப் பாதம் கொப்பளித்து அவன் வெகுதூரம் பின்தங்கிவிட்டான் என்பதைக்கூடச் சரியாய் விசாரிக்கவில்லை. மறுநாள்தான் தெரிந்தது. பஸ்ஸில் வந்த அந்தத் தாயார் ஒரு தூக்குச் சட்டியில் மோர் வைத்துக்கொண்டு, சாலையோரத்தில் இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அவன் வந்து சேர்ந்ததும் மோரைக் கொடுத்து, கால் கழுவிவிட்டு, கூடவே கோயில் வாசல் வரை நடந்து போயிருக்கிறார்கள். வந்தவர்களை எண்ணிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

திரும்பி வரும்போது, "சாமி, அடுத்த வருஷமாவது நடக்க விடுங்க" என்று கேட்டார்கள். ஆகட்டும் என்றோம். அடுத்த வருடம் மூட்டு வீங்கி அவர்களால் வாசற்படி இறங்க முடியவில்லை. இறுதிவரை நடக்கவே இல்லை. 57 விநாடிக் கணக்கைப் படித்த நாளில் நமக்கு நினைவு வந்தது அவர்கள் முகம்தான். அந்தக் கன்னியருக்கு "உங்களுக்கு எதற்கு" என்று சொல்ல ஒரு பங்குத்தந்தை கிடைக்காமல் போனது அவருடைய நல்ல காலம்.

எல்லோரும் ஓடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இருதய நோய் உள்ளவர்கள் டாக்டர் சொன்னபடி இருங்கள். நாளைக்கு யாராவது விழுந்து வைத்து, சாமியார் சொன்னார் என்று சொல்லவேண்டாம். ஆனால் இந்தப் பொன்விழாவில் முதலில் நன்கொடை கொடுத்தவர், கோயிலுக்கு முதல் கல் சுமந்தவர் என்று பெயர் வாசிக்கப்போகிறோம். அது தகும். அவர்களுக்குப் பின்னால் இன்னும் வந்துகொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். முப்பது வருடமாய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர், பங்கோடு மனஸ்தாபப்பட்டுப் போனவர், குடியை விட்டு மறுபடி விழுந்து மறுபடி எழுந்தவர், பேரப்பிள்ளை தோளைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பெஞ்சுக்கு வருகிற பாட்டனார். அவர்களுக்காகக் கோட்டருகே யார் நிற்பது?

நாளை மாலை தேர்பவனி. வழக்கமாக ஒன்றரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடுகிறோம். வயதானவர்கள் முதல் தெருவிலேயே பின்தங்கி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இந்த ஆண்டு அப்படி வேண்டாம் என்று தேர் தூக்கும் இளைஞர்களிடம் சொல்லியிருக்கிறோம். நடக்க விரும்புகிற முதியோர் எல்லோரும் தேருக்கு முன்னால் நடப்பார்கள். அவர்கள் நடையே தேரின் நடை. களைத்தவர்கள் உட்காரத் தெருவுக்கு இரண்டு பெஞ்சு போடப்படும். அவர்கள் எழும் வரை தேரும் நிற்கும். கொடிமரத்தருகே இளைஞர் இயக்கத்தார் மோர் வைத்துக் காத்திருப்பார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்தபின்தான் நற்கருணை ஆசீர். எத்தனை மணியானாலும் நாம் வாசலில் நிற்போம்.