வைரத்தை உண்ணும் காளான்



பெஹாலாவில் குடியேறி வாழும் தமிழராகிய நாம் ‘தேவதாரு’ என்னும் பெயரை இங்கே அடிக்கடி கேட்கின்றோம். ஆனால் வங்காளத்தார் அப்பெயரால் சுட்டுவது, வீட்டு மதிலோரங்களில் நெடிது நிமிர்ந்து நிற்கும் நம் நெட்டிலிங்க மரத்தையே ஆகும். இமயமலைத் தேவதாரு வேறு. அது ஊசி போன்ற இலையும் கூம்பு வடிவக் காயும் உடையது. அம்மரமும் அதன் உறவினமான பைன் மரமும் பலகையாகவும் சாமான் பெட்டியாகவுமே நம் கைக்கு வந்து சேர்கின்றன. அவை காட்டில் நிற்கும்போதே அவற்றின் உள்ளே புகுந்து உண்ணும் ஒரு காளானைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

அகத்தே வைரம் உடையதே மரம் என்று வகுத்தது தொல்காப்பியம். அவ்வைரப் பகுதி உயிரற்ற அணுக்களால் ஆனது. மரத்தைத் தாங்குவது அதன் தொழில். அதனைச் சூழ்ந்துள்ள வெளிறு என்னும் பகுதியே உயிருடன் இருந்து, வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டு செல்கின்றது. நாம் கூறப்போகும் காளான் பெரும்பாலும் வெளிற்றை விட்டு வைரத்தையே நாடுகின்றது. ஆகவேதான் உள்ளே கேடு பரவிக்கொண்டிருக்கும்போதும் மரம் பல ஆண்டுகள் பசுமை குன்றாது காட்சி தருகின்றது.

இக்காளானை முன்னாளில் ஃபோமெஸ் பைனி என்றனர்; இந்நாளில் போரோடேடாலியா என்னும் பேரினத்தில் சேர்த்துள்ளனர். காற்றில் மிதந்து வரும் இதன் நுண்வித்து, ஒடிந்த கிளையின் அடிக்கட்டையிலோ வெட்டுக் காயத்திலோ விழுந்து முளைக்கின்றது. அதிலிருந்து கிளம்பும் நுண்ணிய இழைகள் வைரத்தினுள் நுழைந்து, மரத்திற்கு உறுதி தரும் செல்லுலோசையும் லிக்னினையும் கரைத்து உணவாக்கிக்கொள்கின்றன. முதலில் மரம் செந்நிறம் பெறும். பின்னர் ஆங்காங்கே வெண்ணிறச் சிறு குழிகள் தோன்றும். நெடுங்காலம் சென்ற பின்னரே அடிமரத்தின் புறத்தே குளம்பு போன்ற கடினமான காளான் வெளிப்படும். அது ஒரு பருவத்தில் மடிவதன்று. பல ஆண்டுகள் நின்று வளர்வது. அதனைக் காணும்போது நோய் தொடங்கியது என்று கருதலாகாது. நோய் உள்ளே நெடுந்தொலைவு சென்றுவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

முற்காலத்து அறிஞர் பலர், மரம் தானே அழுகுவதால் காளான் உண்டாகின்றது என்று எண்ணினர். காளானே அழுகலை உண்டாக்குகின்றது என்பதை 1870-களில் ஜெர்மனி நாட்டு ராபர்ட் ஹார்ட்டிக் ஆராய்ந்து நிறுவினார். நம் நாட்டில் 1906-இல் நிறுவப்பெற்ற டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள் இத்துறையில் பெரிதும் உழைத்தனர். நம் கல்கத்தா நகரிலேயே, பெல்காச்சியா மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராயிருந்த சஹாய்ராம் போஸ், வங்காளத்து மரக்காளான்களைத் திரட்டி வகைப்படுத்தினார். அவற்றுள் செந்நிறக் காளான் ஒன்றில் நோய் நுண்ணுயிர்களை அடக்கும் பொருள் உண்டு என்பதையும் 1946-இல் வெளியிட்டார். அழிப்பதாக நாம் எண்ணும் இனத்தினுள்ளும் ஆக்கம் உண்டு என்பதற்கு இது சான்றன்றோ?

இமயமலையில் ‘கைல்’ எனப்படும் நீலப் பைன் மரத்தை இந்நோய் மிகுதியாகத் தாக்குகின்றது. மலைவாழ் மக்கள் கால்நடைக்குப் படுக்கையாகவும் வயலுக்கு எருவாகவும் அம்மரத்தின் கிளைகளைக் கழிக்கின்றனர். கழித்த இடத்துக் காயமே காளானுக்கு வாயிலாகின்றது. அம்மக்களைக் குறை கூறுதல் முறையாகாது. மாட்டுக்குப் படுக்கையும் நிலத்துக்கு உரமும் இன்றி அவர்கள் வாழ்வு நடவாது. எனினும் முதிர்ந்த மரம் உள்ளே பொள்ளலாகிவிடின், நாளை வீட்டுக்கு உத்தரமும் கிட்டாது. இன்றைய தேவையும் நாளைய தேவையும் மோதும் இடம் இது. வைரம் வெளிப்படுமளவு பருத்த கிளைகளை விட்டு, சிறு கிளைகளை மட்டும் அளவோடு கழிப்பதே இரண்டையும் காக்கும் வழியாகும்.

இனி, பைன் பலகை வாங்குவோர்க்கு ஒரு சொல். வெண்புள்ளி கண்ட பலகையிலிருந்து இக்காளான் வீடெங்கும் பரவும் என்று அஞ்சவேண்டுவதில்லை; மரத்தை வீழ்த்தி உலர்த்திய பின் இதன் வளர்ச்சி நின்றுவிடும். வீட்டு மரத்தை அழிப்பவை வேறு காளான்கள். அவற்றிற்கு ஈரம் வேண்டும். மரத்தின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக ஈரம் இருப்பின் அவை வளரா. மழைக்காலத்தில் தெருவில் நீர் தேங்கும் பெஹாலாவில், பெட்டியைத் தரையில் படாமல் செங்கல்மேல் உயர்த்தி வைத்தலும், சுவரை விட்டுச் சற்று விலக்கிக் காற்றுப் புக இடம் விடுதலும் எளிய காப்பாகும்.

காளான் இல்லையேல் வீழ்ந்த மரங்கள் மக்கி மண்ணாகா; காடும் புதுப்பிக்கப்பெறாது. ஆகவே அதனை அடியோடு ஒழித்தல் நம் நோக்கமன்று. காட்டில் காயத்தையும் வீட்டில் ஈரத்தையும் குறைத்தால், மரம் தன் காலம் முழுதும் நமக்குப் பயன் தரும்.