நிறுத்தாமல் அளந்தவர்



கரிமச் சுழற்சியும் வளிமண்டலமும் என்ற பொருளில் இந்தக் கருத்தரங்கில் இரண்டு நாள் பேச இருக்கிறோம். துறையின் வரலாறு முழுவதையும் சுருக்கிச் சொல்வது தலைமை உரையின் மரபு. இன்று அதை விட்டுவிட்டு ஒரே ஒருவருடைய வேலையைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்கிறேன். அவர் சார்லஸ் டேவிட் கீலிங். காற்றில் கரியமில வாயு ஏறிவருவதைக் காட்டும் அவருடைய வளைகோடு பாடநூல் வரை வந்துவிட்டது. ஆனால் அந்தக் கோட்டைக் காட்டும் நாம், அது எப்படி வந்தது என்று மாணவர்களுக்குச் சொல்வதில்லை.

1950களின் தொடக்கத்தில், காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விக்கே உறுதியான விடை கிடையாது. ஒருவர் அளந்தது இன்னொருவர் அளந்ததோடு ஒத்துப்போகாது. இடத்துக்கு இடம், வீசும் காற்றைப் பொறுத்து அது மாறும் என்று பலரும் நம்பினார்கள். அளவு தாறுமாறாக இருந்தபோது குறை காற்றிலா கருவியிலா என்று கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

கீலிங் பலபடி வேதியியலில் 1954இல் முனைவர் பட்டம் வாங்கியவர். நல்ல சம்பளத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போயிருக்கலாம். அவரோ கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹாரிசன் பிரவுனிடம் புவிவேதியியல் படிக்கச் சேர்ந்தார். ஆற்று நீரிலும் நிலத்தடி நீரிலும் கரைந்திருக்கும் கார்பனேட்டு, மேலே இருக்கும் காற்றோடு சமநிலையில் இருக்கிறதா என்பதுதான் கையில் எடுத்த கேள்வி. அதற்குக் காற்றைத் துல்லியமாக அளக்க வேண்டும். அப்படிப்பட்ட கருவி விலைக்குக் கிடைக்கவில்லை. 1916இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்த வடிவத்தைப் பார்த்துத் தாமே ஒரு கண்ணாடிக் கருவியைக் கட்டினார்.

அது வேலை செய்த விதத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். வெற்றிடமாக்கிய ஐந்து லிட்டர் குடுவையைத் திறந்து காற்றைப் பிடிக்க வேண்டும். திறக்கும்போது பக்கத்தில் நிற்பவர் மூச்சுவிட்டாலே மாதிரி கெட்டுப்போகும். ஆய்வகத்தில் அந்தக் காற்றிலிருந்து நீராவியை நீக்கிவிட்டு, திரவ நைட்ரஜனின் குளிரில் கரியமில வாயுவை மட்டும் உறைய வைப்பார்கள். மற்ற வாயுக்களை வெளியேற்றியதும், உறைந்ததை மீண்டும் வாயுவாக்கி, கொள்ளளவு தெரிந்த ஒரு சிறு அறைக்குள் அடைத்து, அது பாதரசத்தை எவ்வளவு உயரம் தள்ளுகிறது என்று பார்ப்பார்கள். அழுத்தம், கொள்ளளவு, வெப்பநிலை மூன்றும் தெரிந்தால் அளவு தெரிந்துவிடும். கல்லூரி முதலாண்டு மாணவருக்கும் புரியும் இயற்பியல்தான். ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையோடு அதைச் செய்து காட்டியவர் அவர்.

கலிபோர்னியாவின் பிக் சர் பூங்காவில் இரவிலும் பகலிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை குடுவையைத் திறந்தார். காட்டுக்குள் இரவில் அளவு ஏறியது, பிற்பகலில் இறங்கியது. அந்தப் பிற்பகல் அளவு எங்கே போய் எடுத்தாலும் பத்து லட்சத்துக்கு 310ஐ ஒட்டியே நின்றது. இரவில் கூடிய பகுதியின் கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்ததில், அது செடிகளும் மண்ணும் விட்ட மூச்சு என்று தெரிந்தது. அப்போது அவர் வகுத்த வரைபட முறை இன்றும் சூழலியலில் அவர் பெயரால் வழங்குகிறது. நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு அதுவும் இதே கீலிங்தான் என்று தெரியுமோ!

ரோஜர் ரெவல் அவரை 1956இல் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டுக்கான பணம் இருந்தது. உலகெங்கும் ஒருமுறை அளந்து வைத்துவிட்டு, பல ஆண்டு கழித்து மறுபடி அளந்தால் போதும் என்பது ரெவலின் எண்ணம். ஓரிரு இடங்களில் நிறுத்தாமல் அளக்க வேண்டும் என்பது கீலிங்கின் வாதம். கடைசியில் ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், 3,397 மீட்டர் உயரத்தில் இருந்த நிலையத்தில் அகச்சிவப்புக் கருவி ஒன்று பொருத்தப்பட்டது. 1958 மார்ச்சில் வந்த முதல் அளவு 313. ஏப்ரலில் ஏறியது, மே மாதம் இன்னும் ஏறியது. பிறகு மின்சாரம் போயிற்று. ஜூலையில் கருவி மறுபடி ஓடியபோது அளவு மார்ச்சை விடக் கீழே இருந்தது. இது ஒழுங்கே இல்லாமல் ஆடும் போலிருக்கிறதே என்று அவரே கலங்கினார். அடுத்த ஆண்டும் அதே ஏற்ற இறக்கம் வந்த பிறகுதான், வடகோளத்தின் தாவரங்கள் கோடையில் இழுத்துக்கொண்டு குளிர்காலத்தில் திருப்பித் தருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்தது. 1960இல் வெளியிட்ட கட்டுரையில், ஆண்டுக்காண்டு அளவு கூடுவதையும் சொல்லிவிட்டார்.

எரிமலையில் வைத்த கருவியை எப்படி நம்புவது என்று இன்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இரவில் சில சமயம் உச்சியின் பிளவுகளிலிருந்து கசியும் வாயு கீழே வரும். பகலில் அடிவாரக் காட்டின் காற்று மேலே ஏறும். இரண்டு வேளையும் கோடு நடுங்கும். நடுக்கமில்லாமல் மணிக்கணக்கில் சீராக நின்ற அளவுகளையே அவர் எடுத்துக்கொண்டார். அகச்சிவப்புக் கருவி தானாக உண்மை சொல்லாது. அளவு தெரிந்த வாயு நிரப்பிய உருளையோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். அந்த உருளைக்கோ ஆய்வகத்துப் பாதரசக் கருவிதான் சாட்சி. கடை எடைக்கல்லை முத்திரை போட்ட கல்லோடு வைத்துப் பார்ப்பது போலத்தான். உருளையில் நைட்ரஜனோடு கலந்து வைத்த வாயுவும் காற்றோடு கலந்து வைத்ததும் கருவியில் வேறு வேறு எண் காட்டும் என்பது பின்னால் தெரியவந்தபோது, பழைய அளவுகளையும் திருத்தினார்கள். திருத்த முடிந்ததற்குக் காரணம், எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்ததுதான்.

1964இல் பணம் நின்றது. வசந்த காலத்தில் கோட்டில் ஒரு வெட்டு விழுந்தது. அது இன்றும் அங்கேயே இருக்கிறது. பின்னாளில் இது அன்றாடப் பதிவு வேலை, ஆராய்ச்சி அல்ல என்று சொல்லி நிதியைக் குறைக்கப் பார்த்தார்கள். எனக்கு அந்த வாதம் அன்றும் இன்றும் மடத்தனமாகவே படுகிறது. பருவத்துக்குப் பருவம் ஆடும் வீச்சு வடகோளத்தில் வளர்ந்துவருகிறது என்று 1996இல் அவர் குழு காட்டியதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலான அன்றாடப் பதிவுதான் ஆதாரம். மனிதர் விடும் கரியமில வாயுவில் ஏறக்குறையப் பாதிதான் காற்றில் தங்குகிறது என்பதும் அதே கோட்டைப் படித்துத் தெரிந்தது. மீதிப் பாதியில் கடலுக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவு என்று பிரிக்க அவர் மகன் ரால்ஃப் கீலிங் ஆக்சிஜனை அளந்தார். செடி கரியமில வாயுவை எடுத்தால் ஆக்சிஜனைத் தரும். கடல் நீர் கரைத்துக்கொண்டால் தராது. எளிய தர்க்கம்தான். ஆனால் காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜனில் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு வேறுபாட்டைப் பிடிக்க வேண்டும்.

2005இல் கீலிங் மறைந்தார். 2022 நவம்பரில் எரிமலைக் குழம்பு நிலையத்தின் மின்கம்பியை அறுத்தபோது, பக்கத்து மௌனா கியாவுக்குப் போய் அளவைத் தொடர்ந்தார்கள். 2024இன் சராசரி 424ஐத் தாண்டியது. தொழிற்புரட்சிக்கு முன்பு அது 280.

நம் நாட்டுக்கு வருகிறேன். கோவாவின் கேப் ராமாவில் 1993இல் குடுவை மாதிரிகள் எடுக்கத் தொடங்கினார்கள். தென்மேற்குப் பருவத்தில் தென்கோளத்தின் கடற்காற்றும், குளிர்காலத்தில் துணைக்கண்டத்தின் நிலக்காற்றும் ஒரே இடத்துக்கு வரும் அருமையான இடம் அது. 2002க்குப் பிறகு தொடர்ச்சி அறுந்தது. லடாக்கின் ஹான்லேயிலும் புதுச்சேரியிலும் போர்ட் பிளேரிலும் பிற்பாடு மாதிரிகள் எடுத்தார்கள். மௌனா லோவாவைப் போல விடாமல் நீளும் கோடு இவற்றில் ஒன்றிலும் இல்லை. திட்டம் மூன்று ஆண்டு, நீட்டிப்பு இரண்டு ஆண்டு என்று பணம் தரும் ஏற்பாட்டில் அது வரவும் வராது. நிதிக் குழுக்களில் இருக்கும் பெரியவர்கள் சிலர் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். புதிய கருவி வாங்கப் பணம் கேட்டால் தருகிறீர்கள். பழைய கருவியை நிறுத்தாமல் ஓட்டக் கேட்டாலும் தாருங்கள்.

கட்டுரை படிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரைபடத்தைத் திரையில் போடும்முன், எந்தத் தர உருளையோடு ஒப்பிட்டீர்கள், எந்த அளவுகளை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள் என்று சொல்லுங்கள். அதற்காக நேரம் கூடுதலாக ஆனால், தலைவர் என்ற முறையில் மணி அடிக்க மாட்டேன்.