மருந்தும் மனையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். நம் குழந்தைகள் ஆடியும் பாடியும் நம்மை மகிழ்விக்கும் இந்நாளில், ஆட இயலாத குழந்தைகளையும் நினைத்தல் பொருந்தும் எனக் கருதுகிறேன்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பெரும்பாலும் தீரக்கூடிய நோயே. செல்வ நாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகளுள் 100க்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். ஏழை நாடுகள் பலவற்றிலோ 30 பேர்கூடத் தேறுவதில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இவ்வேற்றுமைக்குக் காரணங்கள் பல. நோயைக் காலம் தாழ்த்தி அறிவது ஒன்று. தொடங்கிய சிகிச்சையை இடையில் கைவிடுவது மற்றொன்று.

பெற்றோர் ஏன் கைவிடுகின்றனர்? அன்பு இல்லாமையாலா? இல்லை. இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் சிகிச்சை நீள்வதுண்டு. தந்தை கூலியை இழக்கிறார். தாயின் நகை விலையாகிறது. ஊரில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளின் நினைவு வாட்டுகிறது. இறுதியில், தங்க இடமின்றி ஊருக்கே திரும்பிவிடுகின்றனர்.

நம் அம்பர்நாத்திலிருந்து ஓடும் இரயில் பாதையிலேயே பரேல் இருக்கிறது. அங்கே 1941ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையை நாடி, நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். இடம் கிடைக்காதோர் நடைபாதையில் படுத்ததையும் இம்மாநகரம் கண்டிருக்கிறது. புற்றுநோய் மருந்து குழந்தையின் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைத்துவிடும். அந்நிலையில் தூசும் அழுக்கு நீருமே உயிருக்கு உலை வைக்கும். ஆகவே, தூய்மையான ஓர் அறையும் மருந்தேயாகும்.

இதனை உணர்ந்தே 2006இல் செயின்ட் ஜூட் அறநிறுவனம் மும்பையில் தோன்றியது. குடும்பத்துக்குத் தனி இடம், சமையலுக்கு வசதி, உணவுப் பொருள், மருத்துவமனைக்குச் சென்றுவர வண்டி ஆகிய யாவும் கட்டணமின்றி அளிக்கிறது. தாதரில் காட்கே மகராஜ் தருமசாலையும் நோயாளிகளுக்கு நிழல் தருகிறது.

நம் சிறு சங்கத்தால் என்ன இயலும்? புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டியே 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அதுவும் ஒரு சங்கத்தின் பணிதானே!

மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறேன். ஒன்று: இரத்தத் தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் சேமித்து வைத்தல் அரிது, ஆதலால், அழைத்தவுடன் வந்து கொடுக்கக்கூடிய இளைஞர்களின் பட்டியல் ஒன்று நம்மிடம் இருத்தல் வேண்டும். இரண்டு: தமிழகத்திலிருந்து வரும் குடும்பத்துடன் மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துரைக்கவும், புற்றுநோயாளிக்கும் துணைவருக்கும் உள்ள இரயில் கட்டணச் சலுகையைப் பெற்றுத் தரவும் தொண்டர்கள் வேண்டும். மூன்று: வீட்டுக்கு வீடு ஓர் உண்டியல், மாதந்தோறும் இயன்றதை இட்டு, ஒரு குடும்பத்தின் இருப்பிடச் செலவையேனும் நாம் ஏற்க வேண்டும்.

நாமும் மொழி அறியாது இந்நிலத்தில் வந்து இறங்கியவர்கள். அல்லது அவர்தம் மக்கள். அன்று யாரோ ஒருவர் நமக்குத் திண்ணையில் இடம் கொடுத்தார். அக்கடனை நோயுற்ற ஒரு குழந்தைக்குத் திருப்பிச் செலுத்துவோமாக!