வாயிற்கதவு யார் கையில்?

(புதுவையில் ஆற்றிய சொற்பொழிவு)

'மெய்நிகர் உலகம்' என்பது தலைப்பு. "நாடகக்காரனுக்கு இதிலே என்ன வேலை?" என்று நண்பர் சிலர் நகைக்கின்றனர். நாடகக்காரனுக்கு இல்லாத வேலையா? தெருக்கூத்திலே, திரை பிடித்த இருவர் விலகியதும் முச்சந்தி அத்தினாபுரமாகிறது. அரிதாரம் பூசியவர் அரசராகிறார். விடியும்வரை ஊரே அந்த உலகில் குடியிருக்கிறது. இன்று கண்ணிலே கருவியை மாட்டிக்கொண்டு காணும் உலகம், அந்தக் கூத்துக்குப் பேரப்பிள்ளை!

"உலகமே மாயை" என்று ஓதி, உழைப்பவனை ஊமையாக்கியோரை எதிர்த்து வளர்ந்த இயக்கம் நம்முடையது. ஆயினும் மேடை என்னும் மாயத்தை நாம் வெறுத்தோமில்லை. 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்திலே, கம்பரையும் இராவணனையும் ஒரே மன்றத்தில் நிறுத்தினார் அண்ணா. காவியத்தில் வீழ்ந்தவனுக்கு அங்கே வழக்குரைக்க வாய் கிடைத்தது. மன்றம் கற்பனைதான், கேட்டவர் நெஞ்சில் கிளம்பிய கேள்வி கற்பனையன்று!

புதுவைத் தோழர்களுக்கு இதை நான் விளக்கவும் வேண்டுமோ? இந்த ஊரே ஒரு காலத்தில் அப்படிப்பட்ட தனி உலகம்! 1908-இல் பாரதியார் இங்கே வந்தார். சென்னையில் அடக்குமுறைக்கு ஆளான 'இந்தியா' ஏடு, இங்கே அச்சேறிற்று. எல்லைக்கு அப்பாலும் தமிழ், இப்பாலும் தமிழ். அங்கே ஆங்கிலேயன் சட்டம். இங்கே பிரெஞ்சுக்காரன் சட்டம். அந்த இடுக்கிலே எழுத்து மூச்சுவிட்டது.

அதே உத்தியை 2020-இல் உலகம் கண்டது. 'எல்லைகளற்ற செய்தியாளர்கள்' என்னும் அமைப்பு, 'மைன்கிராஃப்ட்' என்ற கணினி விளையாட்டுக்குள்ளே பெரியதொரு நூலகத்தை எழுப்பிற்று. எகிப்து, இரஷ்யா, சவூதி அரேபியா முதலிய நாடுகளில் ஒடுக்கப்பட்ட எழுத்துகளை அதிலே வைத்தது. 2018-இல் கொல்லப்பட்ட செய்தியாளர் ஜமால் கசோகியின் கட்டுரைகளும் அங்கே உண்டு. செய்தித்தாளைத் தடுத்தவன், சிறுவர் விளையாட்டைத் தடுக்க மறந்தான்!

ஆனால் தோழர்களே, 'இந்தியா' ஏட்டின் கதையை முழுமையாக நினைவிற் கொள்வோம். தம் ஆட்சிப் பகுதிக்குள் அது நுழைய ஆங்கிலேயர் தடை விதித்தனர். 1910-இல் ஏடு நின்றது. அச்சுக்கூடம் நம் பக்கம் இருந்தது. வழியோ அவன் வசம் இருந்தது!

இன்றைய மாய நகரங்களுக்கும் வாயிற்கதவு உண்டு. 'ஆல்ட்ஸ்பேஸ் வி.ஆர்.' என்னும் மெய்நிகர் உலகம் 2015-இல் திறக்கப்பட்டது. நண்பர்கள் கூடினர், கலைநிகழ்ச்சிகள் நடந்தன. 2017-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை வாங்கிற்று. 2023 மார்ச் 10-இல் மூடிற்று. கட்டியவர், கூடியவர் எவரிடமும் வாக்குக் கேட்கவில்லை!

நம் நாடகங்களை நசுக்க 1954-இல் சட்டம் வந்தது. சட்டமன்றத்திலே அதை எதிர்க்கலாம், நீதிமன்றத்திலே வழக்காடலாம். ஒரு நிறுவனம் கதவைச் சாத்தினால் எந்த மன்றம் ஏறுவது?

இன்னொன்றும் சொல்வேன். அந்த உலகிலே விரும்பிய உருவை எடுக்கலாம். நெற்றியிலே சாதி எழுதியிருக்காது. நடக்க இயலாதவர் நடனமாடலாம். நல்லதே! எனினும், இரவெல்லாம் அரசனாக ஆடிய கூத்துக் கலைஞன், விடிந்ததும் தெருவோரம் ஒதுங்கி நடந்த நாடு இது. வெள்ளையர் நகரம் என்றும் கறுப்பர் நகரம் என்றும் வாய்க்கால் வகுத்துப் பிரித்த ஊர் இது. மாய நகரிலே சமத்துவம் கண்டவன், மண்ணிலும் அதைக் கேட்க வேண்டும். கேட்கத் தூண்டினால் அது கலை. கேட்க மறக்கச் செய்தால் அது கஞ்சா!

ஆகவே, இளைஞர்களே! அந்த உலகுக்கு வாடிக்கையாளராக மட்டும் போகாதீர். கொத்தனாராகவும் தச்சராகவும் செல்லுங்கள். 'பிளெண்டர்', 'கோடோ' போன்ற கட்டற்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றைக் கற்று, தமிழ் பேசும் உலகங்களைக் கட்டுங்கள். கட்டியவற்றின் படிகளை நம்முடைய கணினிகளிலே காத்து வையுங்கள். ஒருவன் கதவைச் சாத்தினால், மறுநாளே வேறிடத்தில் திரை விலக வேண்டும்!

கூத்து நம்முடையது. கொட்டகையும் நம்முடையதாகட்டும்.