விற்க முடியாத மீன்

மீன்பிடித்தல் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன கரைவலையும் வீச்சுவலையும் விடியற்காலையிற் கரை திரும்பும் வள்ளங்களுமே. நம்மவர்க்கு அது வயிற்றுப்பாட்டுக்குரிய தொழில். தந்தை வலை வீச, மகன் வள்ளம் வலிப்பது உழைப்பேயன்றிப் பொழுதுபோக்கன்று. ஆனால், பிடித்த மீனை விற்றலாகாது என்று சட்டமே தடுத்துள்ள நாடொன்று உண்டு. அங்கே பாட்டனாரும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே ஆற்றங்கரைக்குச் சென்று பெருமீனை நாடுகின்றனர். அந்நாடு நியூசிலாந்து, அம்மீன் டிரௌட்.

டிரௌட் குளிர்ந்த, தெளிந்த நன்னீரில் வாழ்வது. எனினும் அது நியூசிலாந்தின் சொந்த மீன் அன்று. 1864ஆம் ஆண்டில் 'நோர்போக்' என்னும் கப்பலிலே, பனிக்கட்டியால் குளிரூட்டி, ஈரப்பாசியிற் பொதிந்த மீன்முட்டைகள் இங்கிலாந்திலிருந்து தஸ்மேனியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. வெப்பமண்டலக் கடலைக் கடந்து பிழைத்தவை சிலவே. அவற்றின் வழிவந்த பழுப்பு டிரௌட்டின் முட்டைகள் 1867இல் நியூசிலாந்தை அடைந்தன. வானவில் டிரௌட் 1883இல் கலிபோர்னியாவிலிருந்து வந்து சேர்ந்தது. நமது நுவரெலியா மலைப்பகுதிக்கும் ஆங்கிலேயர் அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே டிரௌட்டைக் கொண்டுவந்தனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இம்மீனைப் பிடிக்கும் முறை நமக்குப் புதியது. இதில் புழுவும் இல்லை, இரையும் இல்லை. சிறு தூண்டில் முள்ளின்மீது இறகையும் மயிரையும் நூலாற் சுற்றி, நீர்ப்பூச்சியைப் போன்றதொரு போலிப்பூச்சியைச் செய்கின்றனர். அது காற்றைப் போல் எடையற்றது. தானாகத் தொலைவிற் சென்று விழாது. ஆதலால் நூலையே கனமுள்ளதாக அமைத்து, கோலை முன்னும் பின்னும் வீசி, அந்நூலின் கனத்தாற் பூச்சியைக் கொண்டுபோய் நீரில் இடுகின்றனர். பின்வீச்சில் நூல் முற்றாக நீளும்வரை கணநேரம் பொறுத்திருத்தல் வேண்டும். பொறுக்காதவனுடைய நூல் அவன் காலடியிலேயே சுருண்டு விழும். கைவலிமை மிக்க தந்தையிலும், சொன்னபடி பொறுத்திருக்கும் பத்து வயதுச் சிறுமி நன்றாக வீசுதல் கூடும்.

பெரிய டிரௌட் எளிதில் ஏமாறுவதன்று. அது நீரோட்டத்தை எதிர்நோக்கி, கல்லொன்றின் அருகே நிலைகொண்டு, ஓட்டம் கொண்டுவரும் இரையை உண்ணும். ஆகவே அதன் பின்புறமிருந்து, கீழிருந்து மேலாக, நிழல் நீரில் விழாமல் அணுகவேண்டும். தென்தீவின் ஆறுகள் பல பளிங்கு போன்றவை. அங்கே மீனை முதலிற் கண்டு, பின்னரே தூண்டில் வீசுவர். ஒருவர் உயர்ந்த கரையில் நின்று மீனைப் பார்த்திருப்பார். மற்றவர் நீரில் நின்று வீசுவார். "இன்னும் இரண்டடி இடப்புறம், இப்பொழுது மீன் திரும்புகின்றது, இழு" என்று மேலிருப்பவர் சொல்ல, கீழிருப்பவர் அதன்படி செய்வார். நீரில் இறங்க இயலாத பாட்டனார்க்கும் இதிற் பங்குண்டு. கண் ஒருவருடையது, கை மற்றொருவருடையது, மீனோ குடும்பத்தினுடையது.

பெருமீன் தூண்டிலில் அகப்பட்ட பின்னர் நிகழ்வதே உண்மையான சோதனை. ஐந்து இறாத்தல் மீன் ஓடத் தொடங்கும்போது அதனை இழுத்து நிறுத்த முயன்றால் மெல்லிய நூல் அறுந்துபோம். ஓடும்போது விடவேண்டும், ஓய்ந்தபோது சுற்றவேண்டும். பிள்ளையின் கையிலுள்ள கோலைத் தந்தை பறித்துக்கொள்ளாது, அருகில் நின்று சொல்மட்டும் சொல்லுதல் வேண்டும். நெடுங்காலம் மாணவரோடு பழகியவன் என்ற முறையிற் கூறுகின்றேன்: பெற்றோர்க்கு இதனினும் கடினமான பாடம் வேறில்லை.

கரைக்கு வந்த மீனைப் பலர் மீண்டும் ஆற்றிலேயே விடுகின்றனர். அதற்கும் முறையுண்டு. மீனின் மேலுள்ள வழுவழுப்பான படலம் அதற்குக் காப்பு. உலர்ந்த கை அதனைக் கெடுக்கும். ஆகவே கையை நனைத்து, மீனை நீரிலேயே வைத்து, முள்ளைக் கழற்றி, நீரோட்டத்துக்கு எதிர்முகமாகத் தாங்கி நிற்பர். தன் வலிமை மீண்டதும் அது தானே நீந்திச் செல்லும். உணவுக்காகக் கொள்வோர்க்கு இத்தனை மீன் என்ற வரம்பு உண்டு. கொண்டதை வீட்டிற் சமைக்கலாம், அயலவர்க்குக் கொடுக்கலாம், விற்றல் மட்டும் ஆகாது. பெற்றோர் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் சேர்ந்து மீன்பிடிப்பதற்கெனக் குடும்ப அனுமதிச்சீட்டு என்ற ஒன்றும் அங்கே வழங்கப்படுகின்றது. விலை பேசப்படாத பொருளாதலால், ஒரு நாட் பொழுது முழுவதையும் ஒரு மீனுக்காகச் செலவிட்டோம் என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

நேயர்களே, இம்மகிழ்ச்சிக்குப் பின்னால் ஒரு கடனும் உண்டு. வடதீவிலுள்ள தௌப்போ ஏரி உலகப்புகழ் பெற்ற டிரௌட் ஏரி. ஆனால், டிரௌட் வருமுன்னரே அவ்வேரி தூஃபரெத்தோவா என்னும் மாவோரிக் குலத்தாரின் உணவுக்களஞ்சியமாய் இருந்தது. கோஆரோ என்ற சிறுமீன் அவர்தம் முக்கிய உணவு. டிரௌட் அதனைத் தின்று கொழுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பத்து இறாத்தல் மீன்கள் அங்கே அரியனவாக இருக்கவில்லை. பின்னர் இரை குன்றவே, முதலாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் அப்பெருமீன்கள் மெலிந்துபோயின. அரசாங்கமே வலையிட்டு அவற்றின் தொகையைக் குறைக்க நேர்ந்தது. 1934ஆம் ஆண்டு முதல் வேறொரு சிறுமீனை இரையாகக் கொண்டுவந்து விட்டனர். கோஆரோவோ பழைய நிலைக்கு மீளவில்லை.

அயலார் விளையாட்டுக்கென விட்ட மீன், ஏரிக்கு உரியவரின் அன்றாட உணவை அழித்தது. போதாக்குறைக்கு, அந்த மீனைத் தம் ஏரியிற் பிடிப்பதற்கு அவர்களே அனுமதிச்சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. 1926இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஏரியின் தரை அரசுக்குரியதாக, ஆண்டுதோறும் ஒரு தொகையும் அனுமதிக் கட்டண வருவாயில் ஒரு பங்கும் குலத்தாருக்கு வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. 1992இல் ஏரித்தரையின் உரிமை மீண்டும் அவர்கள்பாற் சேர்ந்தது. இன்று அங்கே தூண்டில் வீசும் ஒவ்வொரு குடும்பமும் அவர்தம் நீர்நிலையில் நிற்கும் விருந்தினரே.

இதனாற் பெருமீன் பிடிக்கும் கலை வெறுக்கத்தக்கது என்று நான் கூற வரவில்லை. பிள்ளைகளுக்கு மீனைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்போர், அம்மீன் எங்கிருந்து வந்தது, யாருடைய நீரில் வாழ்கின்றது, அதற்காக யார் எதனை இழந்தனர் என்பவற்றையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தல் வேண்டும் என்பதே என் கருத்து. மீனுக்கு வழிவிடும் நிதானமும், போதும் என்று நிறுத்தும் அடக்கமும், நீருக்கு உரியவரை மதிக்கும் பண்பும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. நமது குளங்களிலும் வாவிகளிலும் புதிய மீனினங்களை விட நினைப்போர்க்கும், அங்கே பரம்பரையாக வலை வீசுவோரை மறந்து திட்டமிடுவோர்க்கும் தௌப்போ ஏரியின் வரலாறு பயன்படும்.

விற்க முடியாத மீனுக்கு விலை இல்லை என்பர். அதற்குரிய விலையை வேறொருவர் முன்னரே கொடுத்திருக்கக்கூடும். அதனை அறிந்து மகிழும் குடும்பமே உண்மையில் மீன்பிடிக்கக் கற்ற குடும்பம்.