வழி தவறி வந்த வளர்ப்பு நாய்



இத்தலைநகரில் வழி தவறிய வளர்ப்பு நாயொன்று நம் வாயிலில் வந்து நின்றால் நாம் செய்யத்தக்கது யாது? நாமே வளர்ப்போம் என்பது இரக்கமே, ஆயினும் முறையன்று. அதனைத் தேடி எங்கோ ஒரு குழந்தை உண்ணாதிருக்கக் கூடும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71ஆம் பிரிவில், பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரை அடைக்கலப் பொருள் காப்பவராகவே கருதுகிறது.

ஆகவே, துரத்தாமல் நீர் வைத்து அருகழைப்போம். அஞ்சிய உயிர் கடிக்கும். குழந்தைகளை விலக்கி வைப்போம். கடித்துவிட்டால், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரை நாடுவோம்.

கழுத்துப் பட்டையில் முகவரி இல்லையேல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வோம். தோலின் அடியில் 15 இலக்க எண் தாங்கிய நுண்சில்லு இருப்பின், அவர் கருவியால் கண்டறிவார். காதின் நுனி வெட்டப்பட்டிருப்பின், அது கருத்தடை செய்யப்பெற்ற தெருநாய். அதன் தெருவிலேயே விடுவோம்.

அறிவிப்பில் ஓர் அடையாளத்தை மட்டும் எழுதாது வைப்போம். உரிமை கோருவோர் அதனைச் சொல்லட்டும், சொன்னவரிடமே ஒப்படைப்போம்.

ஊர் விட்டு வந்து, மொழி தெரியாத தெருவில் வழி கேட்டு நின்றவர்கள் நாம். வாய் பேசாத உயிருக்கு வழி காட்டும் கடமை நமக்கு அன்றி வேறு யாருக்கு உண்டு?