பங்கு இறைச்சியும் பருப்பும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஆட்டிறைச்சி வாங்குவதற்கென ஒரு பழைய முறை உண்டு. அயலவர் சிலர் கூடி ஓர் ஆட்டை விலை பேசி வாங்குவர். அதை உரித்து வெட்டியபின் தசை, எலும்பு, ஈரல், குடல் யாவற்றையும் சமமான கூறுகளாக வைப்பர். ஒருவருக்குத் தொடையும் மற்றொருவருக்கு வெறும் விலாவும் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. பங்கு இறைச்சி எனப்படும் இம்முறையில், காசு கொடுத்தவர் ஒவ்வொருவரும் ஆட்டின் எல்லாப் பாகத்திலும் சிறிது பெற்றே வீடு திரும்புவர்.

ஆனால் அந்தப் பங்கு வீட்டுப் படலையைத் தாண்டி அடுக்களைக்குள் நுழைந்ததும் நீதி மாறிவிடுகிறது. வெள்ளிக்கிழமையும் விரத நாள்களும் நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் திருவிழாவும் மரக்கறியோடு கழிகின்ற சைவக் குடும்பங்கள் பலவற்றில், இறைச்சி காய்ச்சும் நாள் மாதத்தில் சில நாளே. அன்று குழம்பில் கிடக்கும் துண்டுகளுக்குக் கணக்கு உண்டு. வீட்டுத் தலைவருக்கு இத்தனை, உழைக்கும் மகனுக்கு இத்தனை, பிள்ளைகளுக்கு இத்தனை, எதிர்பாராமல் வந்த விருந்தினர்க்கு இன்னும் இரண்டு. ஈற்றிலே சட்டியின் அடியில் எஞ்சும் குழம்பும் எலும்பும் சமைத்தவளுக்கு. இதை யாரும் சட்டமாக விதித்ததில்லை. அவள் தானே விரும்பிச் செய்வதாகவே வீட்டார் எண்ணுகின்றனர். ஆயினும் குடும்பத்தில் இரும்புச் சத்து மிகுதியாகத் தேவைப்படுபவள், மாதந்தோறும் குருதியை இழப்பவளும் பிள்ளையைச் சுமப்பவளுமாகிய அந்தப் பெண்ணேயாவாள்.

இறைச்சியைக் கொத்தி, அதனோடு பருப்பைச் சேர்த்துச் சமைக்கும் முறைக்கு மதிப்பு இங்கேதான் இருக்கிறது. துண்டை எண்ணலாம், கொத்திறைச்சியை எண்ண முடியாது. பருப்போடு கலந்துவிட்டால், முதல் அகப்பையில் வருவதும் கடைசி அகப்பையில் வருவதும் ஒன்றே.

இதைச் சொன்னவுடன் ஒரு மறுப்பு எழுவது இயல்பு. இறைச்சிக்குள் பருப்பைப் போடுவது வறுமையை மூடி மறைக்கும் சூழ்ச்சியென்றும், விருந்தினரை ஏமாற்றுவதென்றும் சிலர் முகஞ்சுளிப்பர். அவ்வாறு சொல்பவர்களே பிறந்தநாள் வீட்டிலே கட்லட்டை மூன்று நான்கு என்று எடுத்து உண்கின்றனர். கட்லட்டின் உள்ளே இருப்பதில் பெரும்பங்கு உருளைக்கிழங்கு அன்றோ? கிழங்குக்கு இல்லாத இழிவு பருப்புக்கு எங்கிருந்து வந்தது? நவாபுகள் ஆண்ட இலட்சுமணபுரியாகிய லக்னோவின் புகழ் பெற்ற ஷாமி கபாப், கொத்திறைச்சியையும் கடலைப்பருப்பையும் ஒன்றாக அவித்து அரைத்துத் தட்டிப் பொரிப்பதாகும். செட்டிநாட்டுக் கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மா இல்லாவிட்டால் உருண்டை உருண்டையாக நில்லாது. தமிழக முஸ்லிம் மக்களின் திருமண விருந்தில் நெய்ச்சோற்றோடு வரும் தால்ச்சா, எலும்போடு கூடிய இறைச்சியும் பருப்பும் சேர்ந்த கறியே. அரசவையிலும் கலியாணப் பந்தலிலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட சேர்க்கை யாழ்ப்பாணத்துச் சட்டியில் மட்டும் குறைவாகிவிடாது.

யாழ்ப்பாணத்தார் வெறுமனே பருப்பு என்றால் அது மைசூர்ப் பருப்பையே குறிக்கும். மைசூர் நகருக்கும் அதற்கும் உறவில்லை. வட இந்தியர் மசூர் என்று வழங்கும் பெயரே நம் நாவில் அவ்வாறு திரிந்தது. உழுந்தும் பயறும் வன்னி மண்ணில் விளைகின்றன. மைசூர்ப் பருப்போ கடல் கடந்து, கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து வருவது. ஆகவே கப்பல் தடைப்பட்டாலும் நாணயத்தின் மதிப்பு வீழ்ந்தாலும் அதன் விலை உடனே ஏறிவிடுகிறது. 1990ஆம் ஆண்டு யூனில் போர் மீண்டும் மூண்டபின் வந்த பொருளாதாரத் தடையிலும், 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னரும் குடாநாட்டு மக்கள் இதை நன்கு அறிந்துகொண்டனர். பருப்பைக் கிராம் கணக்கில் எண்ணிய காலங்கள் அவை. பின்னர் 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியபோது, நாடு முழுவதுமே அந்தப் பாடத்தைப் படித்தது. எனினும் பருப்பு எவ்வளவு விலையேறினும் ஆட்டிறைச்சியின் விலையை அது எட்டிப் பிடித்ததில்லை.

சத்தின் கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் பச்சை ஆட்டிறைச்சியில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. 100 கிராம் உலர்ந்த மைசூர்ப் பருப்பிலோ 24 கிராம் அளவில் இருக்கிறது. அவிந்தபின் பருப்பு நீரை உண்டு பருப்பதால், அவித்த 100 கிராமில் 9 கிராமே நிற்கும் என்பதையும் மறத்தலாகாது. இதனினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பருப்பில் இரும்புச் சத்து இருப்பினும், தனியே உண்ணும்போது உடல் அதில் சிறு பங்கையே உறிஞ்சிக்கொள்கிறது. அதே வேளை உணவில் சிறிது இறைச்சியும் சேர்ந்திருந்தால், பருப்பின் இரும்பும் கூடுதலாக உடலிற் சேர்கிறது. தேசிக்காய்ப் புளியிலுள்ள உயிர்ச்சத்து சீயும் இவ்வாறே துணை செய்கிறது. அதாவது ஞாயிறு இறைச்சியும் திங்கள் பருப்பும் என்று பிரித்து உண்பதைவிட, இரண்டையும் ஒரே சட்டியில் ஒரே வேளையில் உண்பது மேல். பருப்பு இறைச்சிக்கு முழு ஈடாகும் என்று எண்ணிவிடுதல் தவறு. உயிர்ச்சத்து பீ12 பருப்பில் இல்லை. மரக்கறியே உண்போர் அதைப் பாலிலும் தயிரிலும் தேடிக்கொள்ள வேண்டும்.

இனிச் சமையலுக்கு வருவோம். எட்டுப் பேருள்ள வீட்டுக்கு அரைக் கிலோ கொத்திறைச்சியும் 150 கிராம் மைசூர்ப் பருப்பும் போதும். இறைச்சி அடுப்பிலே நீரும் கொழுப்பும் வற்றி முக்கால் பங்காகச் சுருங்கும். பருப்போ இரு மடங்குக்கு மேல் பெருகும். ஆகவே முடிவில் இரண்டும் ஏறக்குறைய சம அளவாகவே நிற்கும். பருப்பை இதற்கு மேல் கூட்டினால் அது இறைச்சிக் கறியாக இராது. இறைச்சி மணக்கும் பருப்புக் கறியாகிவிடும்.

இரண்டையும் பச்சையாக ஒன்றாகப் போட்டு அவிப்பதே பலர் செய்யும் பிழை. இறைச்சி வேகுமுன் பருப்பு கரைந்து கூழாகிவிடும். பருப்பைத் தனியே, மட்டான நீரில், சிறிது மஞ்சளும் உள்ளியும் இட்டு, மலர்ந்தும் மலராத பதத்தில் இறக்கிக்கொள்ளல் வேண்டும். பதினைந்து நிமிடம் போதும். வேறொரு சட்டியில் வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, றம்பை ஆகியவற்றை வதக்கி, அதில் கொத்திறைச்சியையும் உப்பையும் சேர்த்து, அது விடும் நீர் முற்றாக வற்றிப் பொன்னிறம் காணும்வரை கிளறவேண்டும். இந்த நிறத்திலேதான் இறைச்சியின் சுவை இருக்கிறது. இங்கே அவசரப்பட்டால் பருப்பு அந்தச் சுவையை விழுங்கிவிடும். அதன்பின் யாழ்ப்பாணத்துக் கறித்தூளை வழக்கத்திலும் சற்றுக் கூடுதலாக இட்டு, இரண்டாம் பால் விட்டுக் கொதித்தபின் பருப்பைச் சேர்க்கலாம். பருப்பு உப்பையும் உறைப்பையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் அப்போது ஒருமுறை சுவை பார்த்தல் நன்று. பெருஞ்சீரகத் தூள் இறக்கும் வேளையில். தேசிக்காய்ப் புளி இறக்கிய பின்னர். புளி முந்திவிட்டால், வேகாத பருப்பு பிறகு எவ்வளவு எரித்தாலும் வேகாது.

புட்டுக்கும் இடியப்பத்துக்கும் றொட்டிக்கும் இக்கறி பொருந்தும். கட்லட்டுக்கு மைசூர்ப் பருப்பு உதவாது. அதன் ஈரத்தால் எண்ணெயில் உடைந்துவிடும். அதற்குக் கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, விரலால் நசுங்கும் பதத்தில் அவித்து, நீரை முற்றாக வடித்து, அம்மியில் கொரகொரப்பாக அரைத்துச் சேர்க்கவேண்டும். பருப்புச் சேர்ந்த கறி யாழ்ப்பாணத்து வெயிலில் விரைவில் புளித்துப்போகும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அன்றே உண்டு முடித்தல் நலம்.

சமைத்தவள் தன் பங்கைப் பந்திக்கு முன்பே கிண்ணத்தில் எடுத்து மூடி வைப்பதும் வேண்டியதே. கறி எவ்வளவு பெருகினாலும், கடைசியில் வழித்து உண்ணும் பழக்கம் கை விட்டுப் போகாது. உண்ட கையோடு தேநீர் அருந்தும் வழக்கமுள்ளோர் அதை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடல் வேண்டும். தேயிலையின் துவர்ப்பு, பருப்பிலிருந்து உடல் பெறவேண்டிய இரும்பைத் தடுத்துவிடும்.